பூஜையில் வைத்த வரிச் சலான்

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஷாமியானா வாடகைக்கு விடுகிறேன். கல்யாண மண்டபங்களுக்கு வந்த சேவை வரி எனக்கும்தான் என்று நினைத்து, பதறிப்போய்க் கட்டிவிட்டேன்.

“உங்களுக்கு இது கிடையாது. ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்தா திரும்ப வாங்கலாம்” என்றார் ஆடிட்டர்.

விண்ணப்பம் தயாரானபோது நவராத்திரியின் ஏழாம் நாள். பணம் வர வேண்டுமே என்று, அதையும் சலானையும் கணக்குப் புத்தகங்களோடு நானே சரஸ்வதி முன் வைத்தேன். மறுநாள்தான் கடைசி நாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. எடுக்கப் போனால், “விஜயதசமிக்கு முன்னாடி தொடக் கூடாதுங்க!” என்று மனைவி மறித்தாள். நானும் அடங்கிவிட்டேன்.

தசரா முடிந்து வரி அலுவலகத்துக்குப் போனால், “கெடு முடிஞ்சு நாலு நாள் ஆச்சு சுவாமி” என்று குமாஸ்தா வாங்கவே மறுத்துவிட்டார். வரி வாங்க மட்டும் எல்லா நாளும் நல்ல நாள்தான் அவர்களுக்கு!

இப்போதெல்லாம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, முத்திரை குத்திய நகலைத்தான் பூஜையில் வைக்கிறேன்.