டிரைவர் தட்டில் சாமை

இயற்கை அங்காடி நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: நம் கடைக்கு யாரும் ருசி தேடி வருவதில்லை, டாக்டர் பயமுறுத்தி அனுப்பித்தான் வருகிறார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கும். அப்படி வந்தவள்தான் கஸ்தூரி.

வண்டு எங்கே?

கஸ்தூரியின் வீட்டுக்காரர் ஏழுமலை, கல்வராயன் மலைக்குப் போகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். சர்க்கரை ஏறிவிட்டது. இப்படியே போனால் கண்ணைப் பாதிக்கும் என்று டாக்டர் சொல்ல, "சர்க்கரையைக் குறை, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவேன்" என்று பஸ் முதலாளி கெடு வைத்துவிட்டார். மாத்திரையோடு சாப்பாட்டையும் மாற்றியாக வேண்டும்.

வந்தவள் சாமை மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். உள்ளங்கையில் பரப்பி வெயிலில் பார்த்தாள். சுத்தமான சரக்கு என்று நான் பெருமையாக நிற்க, அவள் முகம் சுருங்கியது. ஒரு வண்டுகூட இல்லையே, மருந்து அடித்ததுதானே என்றாள். நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில், வண்டு விழுந்ததென்று மூலையில் ஒதுக்கி வைத்திருந்த பையைக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பத்தாண்ணே நம்பிக்கை வருது. இதுலயே போடுங்க."

குவித்த தட்டு

அடுத்த மாதம் ஏழுமலையே வந்து நின்றார். சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தேன். உடம்புக்கு நல்லதாயிற்றே என்று, அரிசிச் சோற்றைவிட ஒரு மடங்கு கூடவே சாமைச் சோற்றைக் குவித்திருக்கிறார். அதன் மேல் மூன்று வேளையும் நாட்டுச்சர்க்கரை போட்ட காப்பி. நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், சாமையும் அளவோடுதான் என்றேன். மனிதர் என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கெட்டத கம்மியா துன்னுன்னா ஒத்துக்கலாம். நல்லதயும் கம்மியா துன்னுன்றீங்களே, இது இன்னா நியாயம்?"

ஓசி பரோட்டா

கஸ்தூரி தட்டைச் சின்னதாக்கினாள். காப்பியில் இனிப்பை நிறுத்தினாள். அவரோடு சேர்ந்து தானும் அதையே சாப்பிட்டாள். அப்படியும் சர்க்கரை இறங்க மறுத்தது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் புருஷன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறி, முக்காடு போட்டுக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

மலையடிவாரத்து ஓட்டலில் பஸ் நின்றது. பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துகிற டிரைவருக்கு ஓட்டலில் சாப்பாடு ஓசி. இது நாம் அறிந்த வழக்கம்தான். ஏழுமலை கேட்காமலே பரோட்டாவும் சால்னாவும் வந்தன. மூன்றாவது பரோட்டாவைப் பிய்க்கும்போது மனைவி எதிரில் நின்றாள்.

அத்தனை பயணிகள் முன்னால் புருஷனை ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். இதைக் கேட்டபோதுதான் அவள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கையோடு கொண்டுவந்திருந்த சாமையைப் பையிலிருந்து எடுத்து ஓட்டல்காரர் மேசையில் வைத்திருக்கிறாள்.

"இனிமே இவருக்கு இத ஆக்கிப் போடுங்கண்ணே. பரோட்டாவே போட்டுக்கினு இருந்தீங்கன்னா, இந்த பஸ்ஸுக்கு வேற டிரைவர் வந்துடுவாரு. அவரு எந்த ஓட்டல்ல நிறுத்துவாரோ, யாருக்குத் தெரியும்?"

டிரைவர் சாப்பாடு

மறுநாளிலிருந்து ஏழுமலைக்குச் சாமைச் சோறும் கீரைக் கூட்டும் வந்தன. ஓட்டல்காரர் எதிர்பார்க்காதது வேறு. ஓட்டலில் இருப்பதிலேயே நல்லது டிரைவர் தட்டுக்குத்தான் போகும் என்று நம் பயணிகளுக்கு அசையாத நம்பிக்கை. ஆளாளுக்கு அதையே கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது அவர் என்னிடம் மூட்டையாகவே வாங்குகிறார்.

கெடு முடிகிற நேரத்துப் பரிசோதனையில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. கண்ணுக்கும் பயமில்லை என்றார் டாக்டர். முதலாளியும் பஸ்ஸை ஏழுமலையிடமே விட்டுவிட்டார். கஸ்தூரி கடைக்கு வந்து சொல்லும்போதே அழுதுவிட்டாள். கூட வந்த ஏழுமலை மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். ஏன் என்றேன்.

"வூட்டுல இவ ஒருத்திதான் காவல்னு நெனச்சேன். அந்த ஓட்டல்காரரு இவளுக்கு மேல இருக்காரு. நான் பரோட்டாவப் பாத்தாலே, 'ஏவாரம் கெட்டுடும், அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க'ன்றாரு."

உடம்பைத் தேற்ற நல்ல சாமை மட்டும் போதாது, பின் சீட்டில் ஏறி வருவதற்கு ஒரு கஸ்தூரியும் வேண்டும். அந்தச் சரக்கு என் கடையில் கிடைக்காது.