வாத்துக்குஞ்சின் முதுகு நமைச்சல்

சலூன்காரருக்கு உலகத்தில் தெரியாத விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. சந்தேகம் இருந்தால் அவரையே கேட்கலாம். நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிவிட்டால் ஆள் எங்கே ஓடப் போகிறார்? இடி மின்னல் முதல் இடுப்புவலி வரை விளக்கம் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். அப்பேர்ப்பட்ட மேதாவியை அவர் மனைவி மட்டும் நம்புவதில்லை. போன முறை அவள் வெளியூர் போனபோது, தொட்டி மீன்களுக்கு ஒரு டப்பா தீனியையும் ஒரே வேளையில் கொட்டி, அத்தனையையும் மல்லாக்க மிதக்கவிட்ட புண்ணியவான் இவர்.

இந்த முறை அவள் அக்காவுக்கு ஆபரேஷன், போகாமல் முடியாது. ஆனால் சலூனுக்குப் பின்னறையில், பல்பு தொங்கும் மரப்பெட்டிக்குள், மெஷினில் அடைவைத்துப் பொரித்த வாத்துக்குஞ்சுகள் இருந்தன. தாயில்லாத அவற்றுக்குக் கையில் வைத்துத் தீனி ஊட்டியவள் அவள்தான்.

“ஏங்க, மீனுக்குப் பண்ணின மாதிரி இதுங்களுக்கும் ஏதாவது பண்ணி வச்சீங்க, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதீங்க. சொல்லிட்டேன்” என்று பையைத் தூக்கினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, எல்லாவற்றிலும் சின்னதான பொடிசை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “போறதுக்கு மனசே வரல” என்றாள்.

அவள் தலை மறைந்ததுமே சலூன்காரரின் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பெட்டியில் பரப்பியிருந்த மரத்தூள் நனைந்து நாறியது. அதை வழித்துப் போட்டுவிட்டு, கடைத் தரையில் கூட்டிக் குவித்த முடியை அள்ளிப் பரப்பினார். மெத்துமெத்தென்று இருந்தது, கதகதப்பும் கூட. அடடா, இத்தனை நாள் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

நாலைந்து நாளில் குஞ்சுகளின் முதுகில் பஞ்சுபோன்ற பூமுடி கொட்டி, திட்டுத்திட்டாகத் தோல் தெரிந்தது. கண்ணோரம் பீளை கட்டியது. பொடிசு நொண்டியது. சலூன்காரருக்குப் பகீரென்றது. பல்புச் சூடாக இருக்கும் என்று பல்பை உயர்த்தினார். குளிரில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் மறுபடி இறக்கினார். பிறகு மனைவிக்கு போன் போட்டார்.

“உன் தீனியிலதான் கோளாறு. சத்தே இல்ல.”

“நான் இருந்தவரைக்கும் அதே தீனியைத் தின்னுட்டு நல்லாத்தானே இருந்துச்சுங்க? என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

“ஹலோ? ஹலோ? ஒண்ணும் கேக்கல” என்று போனை வைத்துவிட்டார்.

வழுக்கைக்காரர்களுக்கு அவர் விற்கும் தைலம் அலமாரியில் இருந்தது. மனிதத் தலையில் அது ஒரு முடியைக்கூட முளைக்கவைத்ததில்லை என்றாலும், வாத்துக்குக் கேட்கலாம் அல்லவா? ஒரு குஞ்சின் முதுகில் தடவினார். பூமுடி பிசுபிசுவென்று ஒட்டி அது வெடவெடத்தது. கழுவி, ஹேர் டிரையரால் காயவைத்து எடுப்பதற்குள் உயிர் போய் வந்தது, இரண்டு பேருக்கும்தான். ஒரே ஒரு வைத்தியம் பலித்தது. சவரக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்ததால் குஞ்சுகளால் தலையை முக்க முடியவில்லை. கொஞ்சம் ஆழமான சட்டி வைத்ததும் கண்ணைக் கழுவிக்கொண்டன, பீளை குறைந்தது. ஆனால் முதுகும் காலும் அப்படியேதான் இருந்தன. மறுநாள் அவள் வருகிறாள்.

அன்று வேன் டிரைவர் மீசை திருத்த வந்தார். பாதி மீசை ஆவதற்குள் நாற்காலியில் நெளிய ஆரம்பித்துவிட்டார்.

“ஆடாம உக்காருய்யா!”

“எப்படிண்ணே உக்காருறது? நேத்து முடி வெட்டிட்டு ஒழுங்காத் தட்டிவிட்டீங்களா? முதுகு பூரா முடி குத்துது. வண்டியே ஓட்ட முடியல!”

டிரைவர் கையை வளைத்து முதுகைப் பரபரவென்று சொறிந்தார். எதிர்க் கண்ணாடியில், திறந்திருந்த பின்னறைக் கதவும் தெரிந்தது. அங்கே ஒரு குஞ்சு, அதே மாதிரி கழுத்தை வளைத்து, தன் முதுகைத் தானே கொத்திப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

“அட மடையா!” என்றார் சலூன்காரர்.

“யாரைண்ணே சொல்றீங்க?”

“என்னைத்தான்யா. எந்திரி, வந்து புடி!”

பொடிசின் கால்விரலைச் சுற்றி முடி இறுகி, விரல் நாவல்பழமாக வீங்கியிருந்தது. பாதி மீசைக்காரர் துண்டில் அதைப் பொத்திப் பிடிக்க, சலூன்காரர் இருப்பதிலேயே மெல்லிய கத்தரியை எடுத்தார். ஒவ்வொரு முடியாக அறுத்து எடுத்தார். பெட்டியைத் துடைத்து, புது மரத்தூள் கொட்டி, கழுத்து தட்டும் பிரஷ்ஷால் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். அழுகை வரும்போல இருந்தது. டிரைவர் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

மறுநாள் மனைவி பையை வைத்த கையோடு பெட்டியில் குனிந்தாள். ஒன்றும் குறையவில்லை. பொடிசைத் தூக்கி விரலைப் பார்த்தாள்.

“என்னங்க இது?”

தீனி, பல்பு, மெஷின் என்று மூன்று பொய்கள் வாய்வரை வந்தன. மூன்றையும் விழுங்கினார்.

“நான்தான். கடை முடியை அள்ளிப் போட்டேன். அது குத்தும்னு எனக்குத் தோணவே இல்ல.”

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். அவளோ பொடிசோடு சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“கல்யாணம் ஆனதுலேருந்து சொல்றேன். கடையிலேருந்து வந்து குளிக்காமப் படுக்காதீங்க, தலகாணியெல்லாம் முடி, ராத்திரி பூரா குத்துதுன்னு. உனக்கு வேற வேலை இல்லன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவீங்க. வாத்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியுமா?”

உலகத்தில் எல்லாம் தெரிந்தவர், கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.