பலூன் தொங்காத நாள்

பல்செட் செய்து பிழைக்கிறவருக்கு விமானம் எதற்கு என்று அந்தத் தெருவில் கேட்காத ஆளே கிடையாது. பல்செட்டுக்காரர் சிரித்து மழுப்பிவிடுவார். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரை மேலேயிருந்து சுற்றிக்காட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை, அதை வெளியில் சொல்லக் கூச்சம். கார் நிற்க வேண்டிய கொட்டகையில் இரண்டு சீட் வைத்த குட்டி விமானம் ஒன்றை வருடக்கணக்காகத் தட்டிக்கொட்டி உருவாக்கிக்கொண்டிருந்தார். கார் பாவம், வெயிலில் கிடந்தது.

மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தெருவுக்கே வேன்காரம்மா. "ரோட்டுல பெட்ரோல் ஒழுகினா ஓரமா நிறுத்திட்டு இறங்கிக்கலாம். மேல ஒழுகினா எங்க இறங்கறது?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

கேள்வி நியாயம்தான். பெட்ரோல் டாங்கி இறக்கைக்குள்ளேயே இருந்தது. அலுமினியத் தகடுகளை ரிவெட் ஆணி அடித்துச் சேர்த்து, இடுக்கெல்லாம் கறுப்புப் பசை பூசி அவரே செய்த டாங்கி. பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் எல்லா வாயையும் அடைத்துவிட்டு, டாங்கியின் காற்றுக்குழாயில் மட்டும் ஒரு பலூனை மாட்டி, மெல்லக் காற்றடித்துப் பார்க்க வேண்டும். பலூன் உப்பியபடியே நின்றால் டாங்கி தேறிவிட்டது என்று அர்த்தம்.

"அந்தப் பலூன் காலை டீயிலேர்ந்து சாயங்கால டீ வரைக்கும் அப்படியே நிக்கட்டும், ஏறறேன்" என்றார் வேன்காரம்மா. "மூணு தடவை பாருங்க. அப்பவும் தொங்கிச்சுன்னா என்னைக் கூப்பிடற பேச்சையே விட்டுடணும்."

முதல் தடவை மதியச் சாப்பாட்டுக்குள் பலூன் தொங்கிப்போயிற்று. மனுஷர் முகமும் கூடவே தொங்கியது. டாங்கியைத் திறந்து மறுபடி பசை பூசினார். இரண்டாம் தடவையும் அதே கதை.

அந்தக் கறுப்புப் பசை இருக்கிறதே, லேசுப்பட்டதல்ல. கதவுக் கைப்பிடி, டிவி ரிமோட், வேன்காரம்மாவின் சீப்பு, பூனையின் வால், ஒன்று பாக்கியில்லை. பல்லுக்கு மெழுகு வைக்கிற கரண்டியாலேயே டாங்கிக்கும் பூசியதில், புதுப் பல் வாங்க வந்த பெரியவர் செட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஈறுல என்ன கறுப்பா இருக்கு?" என்று கேட்டார்.

"விமானத்துக்குப் போடற பசைங்க. ஒருதரம் ஒட்டினா விடவே விடாது" என்று இவர் பெருமையாகச் சொல்லிவிட்டார். பெரியவர் செட்டை மேசையில் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

மூன்றாம் தடவை கடைசித் தடவை அல்லவா, ரிவெட் ரிவெட்டாகச் சோப்பு நுரை தடவினார். ஒழுகும் இடத்தில் நுரை குமிழ் விட வேண்டும். ஒரு குமிழைக் காணோம். பலூன் மட்டும் சொல்லிவைத்தாற்போல் தொங்கிக்கொண்டிருந்தது.

வேன்காரம்மா கொட்டகைக்குள் வந்தபோது அவர் ரிவெட்டுகளைத் துளைத்தெடுக்க டிரில்லைக் கையில் எடுத்திருந்தார்.

"என் கை லட்சணம் அவ்வளவுதான். எல்லாத்தையும் பிரிச்சுடறேன்" என்றார்.

பந்தயத்தில் ஜெயித்தவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வேன்காரம்மாவோ டிரில்லை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "எங்கெல்லாம் சோப்பு போட்டீங்க?"

"நான் அடிச்ச ரிவெட் ஒண்ணு விடல."

"பெட்ரோல் ஊத்தற மூடிக்கு?"

"அது கடையில வாங்கின மூடி. அது எப்படி ஒழுகும்?"

"நம்ம குக்கரும் கடையில வாங்கினதுதான். வாஷர் போனா எங்கேங்க சீறும்?"

சொன்னதோடு நிற்காமல், மறுபடி காற்றடிக்கச் சொல்லி, சோப்பு பிரஷை எடுத்து மூடியைச் சுற்றி நுரையைத் தடவினார். புசுபுசுவென்று குமிழ்கள் கிளம்பின. கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் வளையம் மடிந்து உட்கார்ந்திருந்தது. பல்செட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து வேன்காரம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. பூனை பயந்து ஓடியது.

"மூணு தடவை முடிஞ்சுபோச்சே" என்றார் அவர், சிரிப்பு ஓய்ந்ததும்.

"அந்த மூணும் மூடியைத்தான் சோதிச்சுது, டாங்கிய இல்ல. அதெல்லாம் கணக்குல வராது."

மறுநாள் புது வளையம். வேன்காரம்மா ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் கொட்டகையை எட்டிப் பார்த்தார். சாயங்காலம் டீயோடு வந்தபோதும் பலூன் காலையில் இருந்த மாதிரியே ஜம்மென்று நின்றது.

"நீங்க செஞ்ச இடம் ஒண்ணுகூட ஒழுகலையேங்க" என்றார் மெதுவாக. பல்செட்டுக்காரர் டீயைக் குடிக்க மறந்து நின்றார்.

இறக்கையை விமானத்தில் பூட்டி, அதிகாரிகள் சோதித்து, அவர் தனியாகப் பறக்க வேண்டியதையெல்லாம் பறந்து முடித்த பிறகு, ஒரு காலையில் வேன்காரம்மா பக்கத்து சீட்டில் ஏறினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு பெட்ரோல் வாடை வருகிறதா என்று மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தார். வாடையே இல்லை. ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஐயோ, நம்ம ஸ்கூல். அந்தச் சந்துலதாங்க தினமும் வேன திருப்ப முடியாம முழிக்கறேன்." அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"போதுமா? இறங்கலாமா?"

வேன்காரம்மா பெட்ரோல் முள்ளைக் குனிந்து பார்த்தார். "டாங்கில இருக்குல்ல? அப்புறம் என்ன அவசரம்? இன்னொரு சுத்து போங்க."