வேப்பிலைக்கு மேலே ஒரு அறிவித்தல்

போன மாதம் புத்தூரில் இருக்கும் என் அண்ணைக்குக் கொப்புளிப்பான், அதுதான் சின்னம்மை, வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வருத்தம், இவருக்கு அறுபத்துநான்கு வயதில் வந்திருக்கிறது. அண்ணை எதையும் அவசரமில்லாமல் ஆறுதலாகத்தான் செய்வார்.

அண்ணி காலமாகிவிட்டார். பிள்ளைகள் கனடாவில். அண்ணைக்குத் துணை ஒரு பெரிய டிவி. கொள்ளைநோய் பற்றி உலகத்தில் வந்த படங்கள், சீரிஸ்கள் எல்லாம் அதில் ஓடும். கொரோனாவோடு மனிதர்களுக்கு இதெல்லாம் அலுத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அண்ணைக்கு அலுக்கவில்லை. பின்னேரம் ஆறு மணிக்கு அவர் புத்தூரிலும் நான் கோப்பாயிலுமாக ஒரே எபிசோடைப் பார்ப்போம். முடிந்த கையோடு விமர்சனத்துக்குப் போன் வரும்.

எல்லாம் ஒரே கதைதான். முதல் காட்சியில் பஸ்ஸில் ஒருவர் இருமுவார். அடுத்ததில் சுவரில் ஒரு வரைபடம் சிவக்கும். ஒரு பெண் விஞ்ஞானி எச்சரிப்பார் — யாரும் கேட்கமாட்டார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து ஒரு ஆளைத் தேடுவார்கள். அந்த நோய் அண்டாத உடம்புக்காரர். அவருடைய இரத்தத்தில்தான் மருந்து இருக்கும்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். இந்தப் படங்களில் ஏன் யாரும் நோயாளி வீட்டுக்கு வருத்தம் பார்க்கப் போவதில்லை? எங்கள் ஊரில் ஒருவர் படுத்தால், அன்று பின்னேரமே இருபது பேர் முந்திரிகைப் பழப் பையும் மால்ட் மா டின்னுமாகக் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். போகாவிட்டால் பத்து வருடக் கோபம். இங்கே எடுத்திருந்தால் பத்து எபிசோட் தேவையில்லை... இரண்டோடு ஊர் முடிந்திருக்கும்.

கொப்புளிப்பானுக்கு மட்டும் விதிவிலக்கு. அது அம்மாள் வருத்தம். வாசல் படலையில் வேப்பிலை கட்டினால் உறவுக்காரர் வீதியோடு போய்விடுவார்கள். வெளிநாட்டு சீரிஸில் இதே வேலைக்கு இராணுவமும் ஹெலிகொப்டரும் மூன்று எபிசோடும் தேவைப்படும்.

அண்ணை வேப்பிலையோடு நிற்கவில்லை. அதற்கு மேலே ஒரு அறிவித்தலும் ஒட்டினார். ‘தனிமைப்படுத்தப்பட்ட பகுதி. உட்செல்லத் தடை.’ கீழே கையெழுத்து, திகதி. பிறகு ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து வரவேண்டாம் என்று சொன்னார். எனக்கும்தான்.

நான் போகவில்லை. இந்த வயதில் வந்தால் கவனம் என்று டொக்டர் சொன்னதிலிருந்து அண்ணையை நினைத்து எனக்கு உள்ளுக்குள் பயம். ஆனால் படங்களில் முதலில் சாவது யார்? பாசத்தில் தடையை மீறி உள்ளே ஓடுகிறவர்தானே. சாப்பாட்டை எதிர்வீட்டு மலர் அக்கா மதிலில் வைத்துவிட்டுப் போனார். நான் நேரம் தவறாமல் போன் எடுத்தேன். நாலாம் நாளிலிருந்து அண்ணையின் பேச்சு குறைந்தது. ஓம், இல்லை, அவ்வளவுதான். சீரிஸ் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். அப்போதுதான் உண்மையாகவே பயந்தேன்.

மலர் அக்காவுக்கு எடுத்தேன். காய்ச்சல் இறங்கிவிட்டது, கொப்புளங்கள் காய்கின்றன என்றார். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். வீதியில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் அண்ணை யன்னலடிக்கு வந்துவிடுகிறாராம். தன் படலையில்தான் நின்றதோ என்று மதிலுக்கு மேலால் கேட்கிறாராம்.

அந்த வீட்டுக்கு ஸ்கூட்டியில் போகிற உறவு நான் ஒருத்திதான்.

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அறிவித்தல் ஒட்டியது யார்? நானா? கட்டியிருந்த உடுப்போடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். முகக்கவசத்தோடு, யன்னலுக்குப் பத்தடி தள்ளி முற்றத்தில் நின்றேன். அண்ணை நன்றாக மெலிந்திருந்தார்.

“நீங்கள்தானே அண்ணை வராதை எண்டனீங்கள்?”

“எல்லாருக்கும்தான் சொன்னனான்,” என்றார். “ஆனா உனக்கு மூண்டாம் வகுப்பிலையே அம்மாள் வந்திட்டுதே. உனக்கு இனி என்ன பயம்?”

நான் அதைச் சுத்தமாக மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை. அப்போது அவரைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என் பக்கமே வரக்கூடாது என்று அம்மா கட்டளை போட்டிருந்தார். அவரோ தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, வேலிக்கு அங்கால் நின்று, அன்றைக்கு யார் யாருக்கு அடி விழுந்தது என்று கத்திச் சொல்லிவிட்டுத்தான் போவார். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

எத்தனை சீரிஸில் அந்த நோய் அண்டாத ஆளைத் தேடியிருப்போம்! அந்த ஆள் கோப்பாயில் சோபாவில் இருந்து போன் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தலையணை உறையை மாற்றினேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், சூடில்லை. அண்ணை கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. பிறகு கண்ணைத் திறந்து என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வருத்தம் பார்க்க வெறுங்கையோடையே வந்தனீ?”