மூன்றுக்கு முன்பே அழுத்துகிறவள்

ஜோலீன் ஹௌகன் படம் எடுக்கும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணுவாள். ஆனால் இரண்டிலேயே பொத்தானை அழுத்திவிடுவாள். மூணு என்பது சும்மா ஒரு மரியாதைக்கு.

மூன்று வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் ஊர்க்காரர்கள் அமெரிக்காவின் மினசோட்டா குளிரில் வளர்ந்த லூத்தரன் சபைக்காரர்கள். ஒன்றில் மூச்சை இழுப்பார்கள். இரண்டில், சிரிக்கலாமா என்று யோசிப்பார்கள். மூன்றில், சிரித்தால் திமிர் பிடித்தவன் என்பார்களே என்று முடிவு செய்து முகத்தைக் கல்லறைக் கல் மாதிரி ஆக்கிக்கொள்வார்கள். அந்த யோசிக்கிற நொடிதான் ஜோலீனின் பிழைப்பு. இருபத்திரண்டு வருடமாக அதை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. இந்த ரகசியம் வெளியே ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவளுடைய ஸ்டுடியோ முன்பு பல் டாக்டர் இருந்த இடம். ஊர்ப் பெரியவர்கள் சிலர் உள்ளே நுழைந்ததும் இன்றைக்கும் தங்களை அறியாமல் வாயைத் திறக்கிறார்கள். எடுத்த படத்தைக் காட்டினால் "மோசமில்ல" என்பார்கள். அப்படிச் சொன்னால் ஆனந்தத்தில் மிதக்கிறார்கள் என்று அர்த்தம். "வித்தியாசமா இருக்கு" என்றால் அந்தப் படம் துணி துவைக்கிற அறைச் சுவருக்குப் போகப் போகிறது. ஒரு தடவை ஒரு பெண் "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்று கத்திவிட்டாள். ஜோலீன் பயந்துபோய் எந்த ஊர் என்று விசாரித்தாள். பக்கத்து மாநிலம், அயோவாவாம்.

பத்து வருடத்துக்கு ஒருமுறை எங்கள் சர்ச்சில் குடும்பப் புத்தகம் போடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படம், கீழே பெயர், போன் நம்பர். யார் வீட்டில் யார் குண்டாகிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஊரில் வேறு வழி கிடையாது. இந்த இலையுதிர்காலத்தில் அந்த வேலை ஜோலீனுக்கு வந்தது. சர்ச்சின் நிலவறையில், காபி வாசனைக்கு நடுவே, மூன்று சனிக்கிழமைகளில் தொண்ணூற்று நாலு குடும்பங்களை எடுத்து முடித்தாள்.

"சிரிங்க" என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேள்வி கேட்பாள். ஆண்களிடம், "இந்த வருஷம் பிடிச்சதுலயே பெரிய மீன் எவ்வளவு நீளம்?" என்பாள். சிரிப்பு வந்துவிடும். கூடவே இரண்டு கையும் விரிந்து பக்கத்தில் நிற்பவரின் மூக்கில் இடிக்கும், அதைச் சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான். நாலு மாதமாகப் பேசிக்கொள்ளாத ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். நடுவில் ஒரு பசுமாடு நிற்கிற அளவுக்கு இடைவெளி. "அவர் காலர் கோணலா இருக்கு, கொஞ்சம் சரி பண்ணிவிடுங்க" என்றாள் ஜோலீன். காலர் நேராகத்தான் இருந்தது. அந்த அம்மாள் அதை ஒரு முழு நிமிடம் சரி செய்துகொண்டிருந்தாள். ஜோலீன் பேசாமல் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் தூசி எதுவும் இல்லை.

"ஒரு குடும்பம் எப்படிப்பட்டதுன்னு வரிசையில நிக்கும்போது தெரியாது கோர்டி. 'முடிஞ்சுது, போலாம்'னு சொன்னதும் யாரு கை யாரு தோள்ல இருந்து கடைசியா எறங்குதுன்னு பாக்கணும்" என்று சாப்பாட்டு மேஜையில் சொல்வாள்.

"ம்" என்பான் கோர்டி. அவன் அவளுடைய கணவன், மாவட்டத்தின் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவான், அதில் ஐந்து நாயிடம்.

புதன்கிழமை சர்ச் ஆபீசிலிருந்து லோயிஸ் கூப்பிட்டாள்.

"ஜோலீன், அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி புத்தகத்தப் பாத்துட்டு இருக்கேன். உங்க குடும்பம் ரொம்ப எளைச்சுப் போச்சே."

"என்ன சொல்ற?"

"ஹால்வர்சன் வீட்டுல ஒம்பது பேரு இருக்காங்க. ஹெக்லண்ட் வீட்டுல பூனையோட நாலு பேரு. நடுவுல ஹௌகன்னு போட்டு ஒரே ஒரு சாம்பல் கலர் மண்டை. கீழ 'படம் கிடைக்கவில்லை'ன்னு இருக்கு."

ஊரையே எடுத்தவள் தன் வீட்டை விட்டுவிட்டாள். ஜோலீன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் இருக்கு. இல்லேன்னா அந்த மண்டையே இருக்கட்டும். கோர்டி ஜாடையாத்தான் இருக்கு" என்று லோயிஸ் போனை வைத்தாள்.

பழைய படம் ஏதாவது கொடுத்துவிடலாம் என்று கம்ப்யூட்டரில் தேடினாள். வீட்டுப் படங்கள் மட்டும் பதினோராயிரம் இருந்தன. மகள் ஆனிகா பல் விழுந்து நிற்பது, மகன் லேஃப் வாளிக்குள் உட்கார்ந்திருப்பது, கோர்டி மீனோடு, கோர்டி மீன் இல்லாமல். அவள் இருந்தவை மொத்தம் நாலு. ஒன்றில் கட்டைவிரல். ஒன்றில் பனியில் நீளமாக விழுந்த நிழல். ஒன்றில் பளபளக்கும் கெட்டிலின் வயிற்றில் குட்டியாக, கோணலாக. நாலாவதில் ஒரு முழங்கை, அதுவும் நாத்தனார் மார்லிஸுடையதாக இருக்கலாம்.

பத்தொன்பது வயது ஆனிகா பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலையில் அவள் அலாஸ்காவுக்குக் கிளம்புகிறாள். மீன்பிடிக் கப்பலில் சமையல் வேலை, இரண்டு வருடத்துக்கு. வீட்டில் முட்டை வேகவைத்தே தீய்த்தவள்.

"அம்மா, கப்பல்ல என் படுக்கை ஒரு அலமாரித் தட்டு சைஸுதானாம். தலைக்கு மேல ஒரே ஒரு படம் ஒட்டலாம். உள்ளங்கை அளவு."

"அப்பா மீனோட நிக்கறத எடுத்துக்கோ. அதுல வெளிச்சம் நல்லா இருக்கு."

"எனக்கு வெளிச்சம் எதுக்கு? நீ இருக்கற படம் வேணும். முழங்கை வேண்டாம், முழுசா."

ஜோலீன் எழுந்து போய் ஏற்கனவே கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினாள். ஊரில் யார் பெண் கிளம்பினாலும் கையில் ஒரு நல்ல படத்தைக் கொடுத்து அனுப்பியவள் அவள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் ஸ்டுடியோவில் கூடினார்கள். கோர்டிக்கு இஸ்திரி போட்ட சட்டை, பதிமூன்று வயது லேஃபுக்குத் தண்ணீர் போட்டுப் படிய வாரிய தலை. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, டைமர் வைத்து, ஜோலீன் ஓடி வந்து நடுவில் நின்றாள். டைமர் மூன்று முறை மின்னிவிட்டுத்தான் எடுக்கும்.

பாழாய்ப்போனது அங்கேதான். பிறந்ததிலிருந்து இரண்டில் படம் எடுக்கப்பட்ட பிள்ளைகள் அல்லவா? இரண்டாவது மின்னல் வரை தேவதைகள் மாதிரி நின்றார்கள். வேலை முடிந்தது என்று நினைத்து மூன்றாவதில் லேஃப் மூக்கை நோண்டினான், கோர்டி பெல்ட்டைத் தளர்த்தினான், ஆனிகா கொட்டாவி விட்டாள்.

"மூணு வரைக்கும் நில்லுங்க!"

"நீதானம்மா எங்கள இப்படி வளத்த" என்றான் லேஃப்.

பதினோரு படம் எடுத்தார்கள். ஒன்றும் தேறவில்லை. பிள்ளைகளாவது பரவாயில்லை, நடுவில் நிற்கிறவள்தான் எல்லாரையும்விட மோசம். ஒன்றில் கோர்டியின் காலரை முறைக்கிறாள். ஒன்றில் விளக்கை முறைக்கிறாள். மீதி ஒன்பதிலும் அசல் கல்லறைக் கல்.

"அம்மா, கீழ பிறந்த தேதிய மட்டும் செதுக்கணும்" என்றான் லேஃப்.

அந்த நேரம் பார்த்து, வாங்கிப் போன கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்க மார்லிஸ் வந்தாள். சர்ச் பாடகர் குழுவில் தாளம் தப்பினால் பாஸ்டரையே நிறுத்துகிறவள். அவளைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, நேர்மையாக மூன்றில் அழுத்தினாள் மார்லிஸ். கொட்டாவி, பெல்ட், மூக்கு.

"ரெண்டுல அழுத்து மார்லிஸ்!" என்று கத்தினாள் ஜோலீன்.

"மூணுன்னு சொல்லிட்டு ரெண்டுல அழுத்தறதா? அது பொய் இல்லையா?"

"எல்லாப் படமும் அப்படித்தான் எடுக்கறேன்!" சொன்ன பிறகுதான் ஜோலீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மார்லிஸ் கேமராவிலிருந்து முகத்தை மெல்ல நிமிர்த்தினாள்.

"எல்லாப் படமுமா? என் கல்யாணத்துலயுமா? அதனாலதான் நான் எல்லாத்துலயும் 'ஆ'ன்னு பாத்துட்டு நிக்கறனா? நான் முகத்தத் தயார் பண்றதுக்குள்ள எடுத்துட்டியா, திருடி?"

"அத்தை, அந்தப் படத்த நீங்க கூடத்துல மாட்டி வச்சிருக்கீங்க" என்றாள் ஆனிகா.

"மாட்டியிருக்கேன்தான். மோசமில்ல. ஆனா அது வேற விஷயம்" என்றாள் மார்லிஸ்.

ஜோலீனுக்குச் சிரிப்பு வரவில்லை. "போதும், விடுங்க. எனக்கு இது வராது. அப்பா படத்தையே எடுத்துக்கோ கண்ணு" என்று வரிசையை விட்டு நகரப் பார்த்தாள். ஆனிகாவின் முகம் சுருங்கியது. அதைக் கோர்டி பார்த்தான்.

அவன் ஜோலீனின் தோளைப் பிடித்துப் பழைய இடத்திலேயே நிறுத்தினான். பிறகு, ரொம்ப நிதானமாக, "லென்ஸ் மூடியக் கழட்டுனியா?" என்று கேட்டான்.

கேமரா தன் கழுத்தில் தொங்குவதுபோல் ஜோலீனின் கை மேலே போனது. மூடி அவள் சட்டைப் பையில்தான் இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. கோர்டி அவளிடம் முதன்முதலில் பேசியதே அந்தக் கேள்விதான், அவனுடைய அண்ணன் கல்யாணத்தில். அவள் அரைமணி நேரம் மூடியைக் கழட்டாமலே மொத்தக் கூட்டத்தையும் எடுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. குறுக்கே பேசுவது மரியாதை இல்லை என்று அரைமணி நேரம் பொறுத்திருந்து கேட்டான்.

"பாவி!" என்று அவன் மார்பில் ஓர் அடி வைத்தாள். சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது, குனிந்து நிமிர்ந்து, மூச்சு வாங்கிச் சிரித்தாள். மார்லிஸ் எண்ணவே இல்லை. அழுத்தினாள்.

கம்ப்யூட்டரில் திறந்ததும் ஜோலீன் உதட்டைப் பிதுக்கினாள். "கண்ணு ரெண்டும் மூடியிருக்கு. தாடை ரெண்டாத் தெரியுது. கஸ்டமர் படமா இருந்தா இதக் காட்டவே மாட்டேன்." அழிக்கிற பொத்தானுக்குப் போன கையை ஆனிகா பிடித்துக்கொண்டாள்.

"நீ சிரிச்சா கண்ணு மூடிக்கும்மா. எப்பவுமே அப்படித்தான்."

"எனக்கா?"

"ஆமா. எங்க எல்லாருக்கும் தெரியும். நீ பாத்ததில்ல, அவ்வளவுதான்."

ஜோலீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்தப் பெண் நன்றாக இருந்தாள். அவளை ஒரு பக்கம் கோர்டியின் கை இறுக்கிப் பிடித்திருந்தது, இன்னொரு பக்கம் ஆனிகா சாய்ந்திருந்தாள். ஜோலீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஃபோகஸ் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

உடனே லோயிஸுக்கு ஒன்று அனுப்பிவிட்டு, ஆனிகாவுக்கு உள்ளங்கை அளவில் ஒன்று அச்சுப் போட்டு, ஓரத்தைக் காகிதம் வெட்டும் பலகையில் வைத்து நறுக்கினாள்.

"என் காது போச்சு!" என்று லேஃப் அலறினான். "ரெண்டு வருஷத்துக்கு நான் காது இல்லாமலா இருக்கணும்?"

"அங்க உன் காத வச்சு நான் என்ன சூப்பா வைக்கப் போறேன்?" என்றாள் ஆனிகா.

"நீ வச்சா அதையும் தீச்சுடுவ."

ஜோலீன் காதோடு சேர்த்து இன்னொன்று போட்டாள். பிறகு, யாரும் கேட்காமலே, பெரிதாக ஒன்று.