நோன்பு நாளில் எடுத்த ஸ்கேன்

நானாவின் ஈரலில் இருந்த கட்டி பாக்களவுகூட இல்லை. அதைக் கண்டுபிடித்த பெருமையில் பாதியை நான் ரமழான் மாதத்துக்குக் கொடுக்கிறேன்.

நானா என் அண்ணன்; அவருக்குக் கண்டியில் துணிக்கடை. இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது தெரிந்த நாளிலிருந்து தினமும் மாத்திரை குடிக்கிறார், ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை எடுக்க வேண்டிய ஸ்கேன்தான் நடக்கவில்லை. அதற்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். அவரோ கடை திறந்ததும் பால் சேர்க்காத பிளேன்டீயும் பணிஸ் ரொட்டியும் இல்லாமல் இருக்கமாட்டார். போன தடவைகளெல்லாம் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள்.

"கண்ணப் பாரு, மஞ்சளாவா ஈக்கி? மருந்தும் குடிக்கிறேன். இன்னம் என்ன?" என்பார்.

கிடைப்பதையெல்லாம் வாசிப்பவள் நான். இந்த வைரஸ் எக்ஸ் என்றொரு சின்னப் புரதத்தைச் செய்கிறது. ஈரற் கலத்தின், அதாவது செல்லின், கருவுக்குள் வைரஸின் மரபணுவை அடக்கி வைக்கும் காவல் புரதங்களை அது கலத்தைக் கொண்டே அழிக்க வைக்கிறது. காவல் போனதும் வைரஸ் பெருகுகிறது. கலத்தின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டையும் அதே எக்ஸ் குழப்புகிறது. வருடக்கணக்கில் இது நடந்தால் புற்றுநோய் வரக்கூடும். மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுத்தாலும் கருவுக்குள் பதுங்கியிருக்கும் அதன் மூலப் பிரதியை அகற்றாது.

"காவல்காரன வெரட்டிட்டு கடைக்குள்ள ஒளிஞ்சி ஈக்கிற கள்ளன், நானா. மருந்து அவன்ட கையத்தான் கட்டும்."

"அப்ப அவன் தூங்கட்டும். நீ ஏன் எழுப்புறாய்?"

நாட்காட்டியைப் பார்த்தேன். ரமழானில் ஒரு நாள், லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குச் சற்று முன், ஸ்கேனுக்கு நேரம் எடுத்தேன்.

"நோன்போடயா?"

"வெறும் வயித்தோடதானே வரச் சொன்ன? ஸ்கேனால நோன்பு முறியாது."

நானாவின் மனைவி, என் மச்சி, சிரித்தாள்: "ஒங்கட பிளேன்டீக்கி அண்டைக்கி லீவு!"

ஸ்கேன் எடுத்த அன்றுதான் கட்டி தெரிந்தது. இன்னும் பெருத்திருந்தால் வெட்டி எடுக்க முடியாமல் போயிருக்கும் என்றார் மருத்துவர். நோன்புப் பெருநாள் முடிந்ததும் அறுவைச் சிகிச்சை நடந்தது.

அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேன்கள் எதிலும் கட்டி இல்லை. முதல் நல்ல முடிவு வந்த அன்று கடையில் எல்லோருக்கும் இனிப்பான வட்டிலப்பம் கொடுத்தார். போன வாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, அடுத்த ஸ்கேன திங்கக்கெழமையா பாத்து எடு."

"ஏன் நானா, திங்கள் கடையில சனமில்லையா?"

"சனம் ஈக்கட்டும். திங்கள்ல நபியவங்க புடிச்ச சுன்னத்து நோன்ப நானும் புடிக்கப் போறேன்."