பஞ்சர் பேசின்

சைக்கிள் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, ரிசெங்கா இன்றைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னாலிருக்கும் குட்டைக்குப் போய்விட்டார். தலைப்பிரட்டையை எல்லாரும் தண்ணீரில் தேடுவார்கள். இவர் மரத்தில் தேடுவார். முதல் மழை விழுந்ததும் மரத்தவளைகள் குட்டையின் மேல் நீளும் கிளைகளில், மரூலாப் பழக் கள் பொங்கியதுபோல வெள்ளை நுரைக்கூடு கட்டும். முட்டை பொரிந்து, குஞ்சுகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழ வேண்டும். ஆனால் லிம்போபோ ஆற்றோரச் சீமையில் மழையை நம்ப முடியாது. அவை விழும் நேரத்தில் குட்டை வற்றித் தள்ளிப் போயிருக்கும், கீழே சேறு வெடித்துக் கிடக்கும்.

அங்கேதான் ரிசெங்கா பேசின் வைப்பார். நூலில் ஒரு நட்டைக் கட்டிக் கூட்டுக்கு நேராகத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் பேசினைப் பொருத்துவார். சக்கரக் கோணல் எடுக்கும்போதுகூட இத்தனை கவனம் கிடையாது. எல்லாம் உதிர்ந்ததும் தூக்கிப் போய் மிச்சமிருக்கும் தண்ணீரில் விடுவார்.

வீட்டுப் பேசின்கள் எல்லாம் ஏற்கெனவே மரத்தடிக்குப் போயாயிற்று. மகள் வுடோமியைக் குளிப்பாட்டும் தொட்டிகூடத் தப்பவில்லை. கடைசியாகப் போனது பஞ்சர் பார்க்கிற பேசின். "டியூபைக் காதுல வெச்சாலே ஓட்டை தெரியும்" என்பார் வாடிக்கைக்காரர்களிடம். தெரியாது. பாதிப் பேர் முச்சந்தியில் புதுக்கடை போட்ட மபாசாவிடம் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது சவுக்கே ஊர் நர்ஸம்மாவும் ஆஸ்பத்திரி சைக்கிள்களும். அதுவும் போனால் கடையை மூட வேண்டியதுதான். இது ரிசெங்காவின் மனைவி மமாயிலாவுக்குத் தெரியும், அவருக்குத்தான் தெரியாது.

இன்று நர்ஸம்மா தடுப்பூசிப் பெட்டியும் காற்றுப்போன சக்கரமுமாக வந்து நின்றார். "ஐஸ் கரையுது மமாயிலா. எங்க உன் புருஷன்? இல்லேன்னா சொல்லு, மபாசாகிட்டயே போறேன்."

"எந்த மரத்தைப் பாத்துட்டு நிக்கிறாரோ. இருங்கம்மா, இதோ." டியூபை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, பம்பையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். டியூபை அவர் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டாமல் அவளுக்கு ஆறாது.

"வுடோமி அப்பா, பேசினைக் குடுய்யா."

"இப்பத்தான் உதிர ஆரம்பிச்சிருக்கு. சாயங்காலம் வரைக்கும் பொறு."

"சாயங்காலம் நம்ம கடையையும் சேத்து மபாசா பூட்டிருவான். எடம் தெரியாம தவளை முட்டை போட்டா நாமளா பொறுப்பு?"

"அது பாத்துத்தான் போட்டுச்சு. போடறப்ப தண்ணி இருந்துச்சு." பேசினிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "வாய்க்கா வருதுன்னு நம்பித்தானே நாமளும் இங்க வந்து வீடு கட்டினோம்."

வாய்க்கால் இன்றுவரை வரவில்லை. மமாயிலாவுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

"நிக்காதய்யா. காத்தடி" என்று பம்பை அவர் கையில் திணித்தாள்.

உப்பிய டியூபைப் பேசினுக்குள் மெல்ல, உள்ளே நெளிவதெல்லாம் விலக இடம் கொடுத்து அமுக்கினாள். மேலே நுரைக்கூட்டிலிருந்து ஒரு குஞ்சு அவள் மணிக்கட்டில் விழுந்து வழுக்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். குமிழி வந்தது.

"வெளங்காத மனுஷன்" என்று திட்டிக்கொண்டே ஓட்டையை ஒரு விரலால் பொத்தினாள். டியூபை வெளியே எடுக்குமுன், அதில் ஒட்டியிருந்த தலைப்பிரட்டையை மறு கையால் வழித்துத் தண்ணீரில் விட்டாள்.